களியும் அரிசிம்பருப்பும் ஒரே அடுப்பில்

கறுப்பு உளுந்து வறுபடும் வாசனை, வேலம்பாளையத்து லைன் வீடுகளில் கடைசி வீடு வரைக்கும் போய்விட்டது. பக்கத்து வீட்டு ரங்காத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, காலங்காத்தால களி வாசம் வருது? உங்க ஊட்ல ஆருங்க வயசுக்கு வந்தது?"

"நான்தான்," என்றாள் மூக்கம்மாள், கரண்டியை நிறுத்தாமல். "சும்மா இரு ரங்காத்தா. போட்டோ எடுக்க வாராக."

"களியவா?"

"அனுவ. அவளோட சேத்துக் களியையும்."

அப்படி அடித்துச் சொல்லிவிட்டாளே தவிர, படத்தில் இருக்கப்போவது களிதானா என்பது மூக்கம்மாளுக்கே இன்னும் தெரியாது. போன வாரம் முழுக்க அவளை அரித்துக்கொண்டிருந்ததே அதுதான்.

ஜெர்மனியிலிருந்து மகள் அனுசுயா விடுமுறைக்கு வந்து இறங்கியபோது, பெட்டியோடு ஒரு சேதியையும் கொண்டுவந்தாள். அவள் ஆடும் பாலே குழுவினர் ஒரு புத்தகம் போடுகிறார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எதிரெதிராக இரண்டு பக்கங்கள். ஒன்றில் அவர் ஆட வந்த கதை, ஏறிய மேடைகள். மற்றதில் அவர் வீட்டுச் சாப்பாட்டில் அவருக்கு உயிரான ஒரு பதார்த்தம், செய்முறையோடு. ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கே ஆள் வந்து படம் எடுப்பார்கள்.

"நீ என்னட்டி எழுதிக் குடுத்திருக்க?" என்று மூக்கம்மாள் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள்.

"படம் எடுக்கிற அன்னிக்குத் தெரியும்மா," என்று சிரித்ததோடு சரி.

சிரிப்புக்காரி. அவளுக்கென்ன தெரியும், பெற்றவள் படும் பாடு?

விஷயம் இதுதான். முதலாளி மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் அவள் புருஷன் மூக்கையா அயர்னிங் மாஸ்டர், மூக்கம்மாளுக்குத் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிள். கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த புதிதில் அங்கே சேர்ந்தவர்கள். ஒரு சமயம் அந்தக் கம்பெனியில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான டான்ஸ் உடுப்புக்குச் சாம்பிள் தைத்தார்கள். கையைத் தூக்கினால் தையல் ஏறுகிறதா, காலை நீட்டினால் துணி பிடிக்கிறதா என்று பார்க்க அந்த அளவில் ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கட்பீஸ் மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்த அனுசுயாவை எழுப்பி மாட்டிவிட்டார்கள்.

"காலைக் கொஞ்சம் தூக்கு பாப்பா," என்றார் மெர்ச்சண்டைசர்.

பாப்பா தூக்கினாள். கால் போய்க் காதுக்குப் பக்கத்தில் நின்றது. தூக்கக் கலக்கம்கூட அதற்குள் போகவில்லை.

சாம்பிள் பார்க்க வந்திருந்த, துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் மனைவி, கல்யாணத்துக்கு முன்னால் மேடையில் பாலே ஆடியவர். கணவரோடு திருப்பூரிலேயே தங்கியிருந்த அந்த அம்மாள், முதலாளி வீட்டு மாடி ஹாலில் அனுசுயாவுக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. அனுசுயா நிற்கவில்லை. அப்புறம் பெங்களூர். அப்புறம் ஜெர்மனி.

மாடியில் ஆடிவிட்டுப் பசியோடு இறங்கி வரும் பிள்ளைக்குக் கீழே சோறு போட்டது யார்? முதலாளியின் மனைவி இந்துமதி. ஷிப்மென்ட் நெருங்கினால் மூக்கம்மாளுக்கு ஓவர்டைம்; வேலை முடிந்து அவள் வருவதற்குள் பிள்ளை வயிறு நிறைந்து, வாயில் நெய் மணக்க நிற்கும்.

"பெரியம்மா அரிசிம்பருப்புச் சோறு குடுத்தாங்கம்மா!"

இந்துமதியைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னதே மூக்கம்மாள்தான். அந்த வார்த்தை எப்போது முள்ளாக மாறியது என்று அவளுக்கு நினைவில்லை.

மூக்கம்மாள் தன் கையால் வயிறாரப் போட்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அன்றைக்கு உளுந்தங்களி. பெண் பிள்ளைக்கு இடுப்பு வலுக்கட்டும் என்று அவள் கிண்டுவாள். பிள்ளையோ, "இன்னிக்கும் களியா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

அந்தப் பிள்ளை இன்றைக்கு எதை 'என் வீட்டுச் சாப்பாடு' என்று காட்டும்?

வாசலில் கார் வந்து நின்றது. இந்துமதிதான். பட்டுக்கரைச் சேலை, கையில் ஒரு குண்டான், டிரைவர் கையில் இன்னொரு பை. உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, களைந்த அரிசி, பருப்பு, நெய் என்று எல்லாம் தயாராக இருந்தது.

"ஏனுங்க மூக்கம்மா, ஒரு அடுப்பு சும்மாதானுங்களே இருக்குது? படம் எடுக்க வர்றவீங்களுக்குப் பசிக்குமில்லீங்க? கொஞ்சம் அரிசிம்பருப்பு வெச்சுரலாம்னு வந்தனுங்க."

பசிக்குச் சோறு போடவா பட்டுக்கரைச் சேலை? மூக்கம்மாளுக்குப் புரியாமல் இல்லை. புத்தகத்தில் வருவது தன் சோறுதான் என்று இந்த அம்மாளும் முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"தாராளமா வைங்கம்மா," என்று இடதுபக்க பர்னரை விட்டுக்கொடுத்தாள்.

ஒரு அடுப்பில் கருப்பட்டித் தண்ணீர் கொதித்தது. மறு அடுப்பில் வெங்காயம் வதங்கியது. இரண்டு பெண்களும் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள்.

"களிங்களா?" இந்துமதி எட்டிப் பார்த்தாள். "அனு கண்ணு சின்னதுல களியக் கண்டா ஓடுமில்லீங்க?"

"ஓடுவா. ஓடி ஓடித்தான காலு வலுத்துச்சு."

"எங்க ஊட்ல ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் திங்கும்."

"பசிச்ச பிள்ளை எங்கயும் ரெண்டு வாட்டி கேக்கத்தான் செய்யும்."

சொன்ன பிறகுதான் மூக்கம்மாளுக்கு உறைத்தது. பிள்ளையைப் பசியோடு விட்டது யார்? ஊசியை அடுத்தவர் பக்கம் நீட்டப் போய்த் தன் விரலிலேயே ஏற்றிக்கொண்டாள். இந்துமதி அதைக் கேட்காதவள்போல அரிசியைக் கொட்டி மூடி வைத்தாள். நல்ல மனசுக்காரி. அதுதான் மூக்கம்மாளுக்கு இன்னும் கடுப்பு.

கருப்பட்டிப் பாகில் மாவைத் தூவிக் கிண்ட ஆரம்பித்த நேரம், வாசலில் மூக்கையாவின் மொபெட் சத்தம் கேட்டது. மனிதர் வெற்றி வீரராக உள்ளே வந்தார். கையில் ஒரு பாலித்தீன் கவர்.

"ஏளா, இதப் பாரு! எம்மக எங்க? போட்டோவுக்குப் போடப் போற பாவாடையைப் போயி எவளாவது தலைகீழாத் தொங்க விடுவாளா? விடிகாலம் பாத்தேன், மனசு கேக்கல. கம்பெனிக்குக் கொண்டுபோயி ஸ்டீம் போட்டுத் தேச்சுட்டேன்!"

குளித்துவிட்டு வந்த அனுசுயா, தலையில் சுற்றிய துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கவருக்குள் இருந்தது அவளுடைய டுட்டு. மேடையில் இடுப்பைச் சுற்றித் தட்டுபோல விறைத்து நிற்க வேண்டிய வலைப் பாவாடை. அடுக்கு மேல் அடுக்காக நெட். படத்துக்காகவே குழுவினர் கொடுத்தனுப்பியது. வடிவம் கெடக்கூடாது என்று அவள்தான் உத்திரத்துக் கொக்கியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள். இப்போது அது அப்பளம்போலத் தட்டையாக, மூன்றாக மடிந்து, நடுவில் டிஷ்யூ பேப்பர் வைத்து, எக்ஸ்போர்ட் டீஷர்ட் மாதிரி கிடந்தது. மூலையில் 'எம்' என்று ஒரு சைஸ் ஸ்டிக்கர் வேறு.

"நைலான்னு தெரிஞ்சுதான் சூட்டைக் குறைச்சேன்," என்றார் மூக்கையா. "ஒரு சுருக்கம் காட்டு, எம்பேரை மாத்திக்கிடுதேன்."

"அப்பா..." அனுசுயா கவரைத் தொட்டுப் பார்த்தாள். "இது நிக்கணும்பா."

"நிக்கணுமா? துணின்னா படியணும்ல?"

அவ்வளவுதான். அனுசுயா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்துமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கையா மட்டும் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். புரிந்தபோது முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷ சர்வீசில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனதில்லை அவருக்கு.

"பத்து மணிக்கு வந்துருவாங்களே," என்றாள் அனுசுயா, சிரிப்பு அடங்கியதும். கண்ணில் இப்போது லேசான பயம். "அங்க தியேட்டர்ல, தொவண்டு போனா கஞ்சி மாதிரி ஒண்ணு அடிச்சு நிமுத்துவாங்க."

"கஞ்சியா?" மூக்கம்மாள் நிமிர்ந்தாள். "ஜவ்வரிசி இருக்கு. உங்கப்பா வேட்டிக்கு நான் போடாத கஞ்சியா?"

நிமிர்ந்தவள் மறுபடி குனிந்து பார்த்தாள். கையில் கரண்டி. உருளியில் களி பாதிப் பதத்தில் கொழகொழவென்று குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. இப்போது கையை எடுத்தால் கட்டி விழும்; அடிப்பிடிக்கும். கட்டி விழுந்த களியையா ஜெர்மனிக்காரன் புத்தகத்தில் போடுவான்? பக்கத்து அடுப்பில் அரிசிம்பருப்பு அதுபாட்டுக்கு மூடிக்குள் வெந்துகொண்டிருந்தது.

"அந்தக் கரண்டியக் குடுங்க," என்றாள் இந்துமதி.

மூக்கம்மாள் கொடுக்கவில்லை.

"குடுங்க மூக்கம்மா. கஞ்சி போடறது எனக்கு ஆகாதுங்க. எங்க ஊட்டுத் துணியெல்லாம் லாண்டரிக்குப் போறது உங்களுக்குத் தெரியாதா? கிண்டறது எனக்கு ஆகும்."

மூக்கம்மாள் தரையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். பிறகு கரண்டியை நீட்டினாள்.

"கை நிக்கக் கூடாதும்மா. நல்லெண்ணெய கொஞ்சங் கொஞ்சமா விடணும். தண்ணி தொட்டுட்டுத் தொட்டா..."

"கையில ஒட்டப்படாது. நானும் சோறாக்கறவதானுங்க. நீங்க பாவாடையப் பாருங்க."

ஜவ்வரிசிக் கஞ்சியைக் காய்ச்சி, பனியன் துணியில் வடிகட்டி, அயர்னிங் டேபிளில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் ஊற்றினார்கள். வாசல் கொடியில் டுட்டு தலைகீழாகத் தொங்கியது. மூக்கையா ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துப் பிடிக்க, மூக்கம்மாள் அடித்தாள். குற்றம் செய்தவர்போல மனிதர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். விரல்கள் மட்டும் வலையைப் பூவிதழ்போல விரித்துப் பிடித்திருந்தன. ஆடி மாதக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அள்ளிக்கொண்டு வந்தது. துணி காய்வதற்கு இதைவிட நல்ல மாதம் திருப்பூருக்குக் கிடையாது.

"இந்தப் பக்கம் இன்னும் ஒரு தரம் அடி," என்றார் மூக்கையா.

"தேச்சது போதும், சும்மா பிடிங்க."

லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கொடியில் தொங்குவது சல்லடையா, கொசுவலையா என்று வாசலில் ஒரு விவாதம் நடந்தது. காற்றில் விறைத்து விறைத்து அது விரிய ஆரம்பித்தபோது ரங்காத்தாள் கையைத் தட்டினாள்.

காரில் வந்து இறங்கிய அபிராமி சென்னைப் பெண். புகைப்படம் எடுப்பவளும் அவளே, கேள்வி கேட்பவளும் அவளே. ஜீன்சும் தோளில் இரண்டு கேமராவுமாக உள்ளே வந்தவள், டுட்டுவோடு நின்ற அனுசுயாவைப் பார்த்து விசிலடித்தாள். பாவாடையின் ஒரு ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் தொய்ந்திருந்தது. அந்த ஓரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள் அனுசுயா. லைன் வீட்டு வாசலில், பால் பாக்கெட் தொங்கும் ஆணிக்குக் கீழே, கட்டை வைத்த சாட்டின் ஷூவில் கால்விரல் நுனியில் எழும்பி நின்றபோது கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. மூக்கையா தூணைப் பிடித்துக்கொண்டார். மகள் ஆடி அவர் நேரில் பார்த்ததெல்லாம் அந்த மாடி ஹாலோடு சரி.

பிறகு கேள்விகள். அனுசுயா சொல்லச் சொல்ல மூக்கம்மாள் நிலைப்படியில் நின்று கேட்டாள். முதல் மேடையில் பனி பெய்யும் காட்சி. கூட்டத்தில் ஒரு பனித்துளியாக வந்தது. "அதுவரைக்கும் நான் பனியையே பார்த்ததில்லைங்க. ஐஸ் பெட்டியில ஒட்டியிருக்குமே, அதை நெனைச்சுட்டு ஆடினேன்." பாத எலும்பு முறிந்து ஒரு சீசன் முழுக்கக் கட்டிலில் கிடந்தது. இனி ஆட முடியாது என்று சொன்னவர்கள் எதிரிலேயே மறுபடி எழுந்து, முதன்முறையாக நடுமேடையில் தனியாக நின்றது.

எலும்பு முறிந்த சேதி மூக்கம்மாளுக்குப் புதிது. போனில் 'கால் லேசா சுளுக்கும்மா' என்றுதான் சொல்லியிருந்தாள் கள்ளி.

"சரி, இப்போ அந்த டிஷ்," என்றாள் அபிராமி. "எடுத்துட்டு வரலாமா?"

மூக்கம்மாள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இந்துமதி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். உள்ளே அடுப்பில் இரண்டு பாத்திரங்களும் மூடியோடு இருந்தன. அனுசுயா வலைப் பாவாடையைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, அந்தச் சின்ன சமையலறைக்குள் ஒருக்களித்து நுழைந்தாள். உருளியின் மூடியைத் திறந்தாள்.

"இதுதாங்க. உளுந்தங்களி."

மூக்கம்மாள் உருளியை எட்டிப் பார்த்தாள். களி கட்டி விழாமல் பளபளத்தது.

"சின்னதுல இதைப் பார்த்தா ஓடுவேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அனுசுயா. "கால் ஒடைஞ்சு தனியாக் கெடந்தப்போ வேற எதுவுமே எறங்கல. ஒரு கையில ஊன்றுகோல், ஒரு கையில கரண்டி. முதல்ல கிண்டினது செங்கல்லு மாதிரி வந்துச்சு. இப்போ மேடைக்குப் போறதுக்கு முந்தி மத்தவங்க வாழைப்பழம் சாப்பிட்டா நான் களி உருண்டை. எங்க குழுவுல பாதிப் பேர் பங்கு கேக்கறாங்க. ஒருவாட்டி ஏர்போர்ட்ல கருப்பட்டியைப் புடிச்சுட்டு என்னதுன்னு விடவே இல்ல. நானே கடிச்சுத் தின்னு காட்டினேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மூக்கம்மாளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். அப்போதுதான் இந்துமதியின் முகம் கண்ணில் பட்டது.

இந்துமதியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கை, தன் குண்டானின் மூடியை வெறுமனே சரி செய்துகொண்டிருந்தது. சரியாக இருந்த மூடியை. ஒரு வாரமாகத் தன் நெஞ்சுக்குள் கிடந்தது என்னவோ, அது அப்படியே இடம் மாறிப் போய் அங்கே உட்கார்ந்திருப்பதை மூக்கம்மாள் பார்த்தாள்.

"அம்மா, நீங்க உருளியைப் புடிச்சுட்டு அனு பக்கத்துல நில்லுங்க," என்றாள் அபிராமி. "இதைச் செஞ்சது நீங்கதானே?"

'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"மாவு போட்டது நான்," என்றாள் மூக்கம்மாள். "கிண்டுனது அவுக. பாதிக்கு மேல அவுக கைதான். இன்னிக்கு மட்டும் இல்ல, இந்தப் பிள்ளையக் கிண்டி எடுத்ததுலயும் பாதி அவுக கைதான். வாங்கம்மா இங்க."

"ஐயோ, நான் எதுக்குங்க?" இந்துமதி பின்வாங்கினாள். "களி உங்களுது. எனக்கு அது தித்திப்பா, கசப்பான்னுகூடத் தெரியாதுங்க."

"கரண்டி யாரு கையில இருந்துச்சோ அவுகளும் படத்துல நிக்கணும். வாறீகளா, இல்ல நான் வந்து இழுக்கவா?"

மூக்கம்மாள் உண்மையாகவே இழுத்தாள். படத்தில் அனுசுயா நடுவில். ஒரு பக்கம் உருளியோடு மூக்கம்மாள், இன்னொரு பக்கம் கரண்டியோடு இந்துமதி. டுட்டு இரண்டு பேரையும் கிட்ட வரவிடாமல் தள்ளியது. "இன்னும் நெருங்கி, இன்னும் நெருங்கி," என்றாள் அபிராமி. வலை நசுங்கியது. "ஏ, பாத்து!" என்று மூக்கையா வாசலிலிருந்து அலறினார்.

படத்துக்காகத் தட்டில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் வைத்த களி காய்ந்து போயிற்று. யாரும் படம் எடுக்காத அரிசிம்பருப்பு ஒரு பருக்கை மிஞ்சாமல் காலியானது. அபிராமி மூன்றாவது தரம் தட்டை நீட்டியபோது, "ரெண்டு வாட்டிதான் கேப்பாங்கன்னு நெனச்சனுங்க!" என்று இந்துமதி மூக்கம்மாளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

கைகழுவிவிட்டுக் கேமராவை எடுத்து வைக்கும்போதுதான் அபிராமி சாதாரணமாகக் கேட்டாள்:

"அப்புறம் அனு, இந்த சீசனோட மேடையை விட்டு விடைபெறுறவங்களுக்கான புத்தகம் இது. அடுத்து என்னன்னு ஒரு வரி வேணுமே?"

"நாளைக்கு மெயில் பண்றேன்," என்றாள் அனுசுயா, சட்டென்று. அம்மா பக்கம் திரும்பவில்லை.

அபிராமியை வழியனுப்பக் கூட்டம் வாசலுக்குப் போனது. மூக்கம்மாள் போகவில்லை. அவிழ்த்துப் போட்ட சாட்டின் ஷூவை எடுத்து வைக்க மகளின் பையைத் திறந்தாள். பை அடியில் ஒரு சாவி கிடந்தது. சிவப்புப் பனியன் துணித் துண்டு கட்டிய பழைய சாவி. முதலாளி வீட்டு மாடி ஹாலுக்கு உரியது. எத்தனை சாயங்காலம் அந்தச் சாவிக்காக மகளோடு காத்து நின்றிருக்கிறாள்!

பின்னால் காலடி கேட்டது. அனுசுயா.

"ஏட்டி, விடைபெறுறதுன்னா..." மூக்கம்மாள் சாவியை உயர்த்திக் காட்டினாள். "இங்கயே வந்துருதியா?"

அனுசுயா சிரித்தாள். சின்ன வயதில் களியைக் கண்டு ஓடும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"இந்தச் சாவிய இந்துமதியம்மாதான் குடுத்தாகளா? அவுகளுக்குத்தான் மொதல்ல சொன்னியா?"

"இல்லம்மா. அங்க பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லிக்குடுக்கலாம்னு கேட்டேன், மகுடேஸ்வரன் பெரியப்பா குடுத்தாரு. பெரியம்மாவுக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது. அந்த ஹாலை அவங்க வேற ஒருத்தருக்குத் தர்றதா வாக்குக் குடுத்துட்டாங்களாம். எப்படிச் சொல்றதுன்னு பெரியப்பாவே முழிச்சுட்டு இருக்காரு."

"என்னது கண்ணு, எனக்குத் தெரியாதது?"

நிலைப்படியில் இந்துமதி நின்றிருந்தாள். ஒரு கையில் காலிக் குண்டான். முகத்தில் இன்னும் காலைச் சிரிப்பு.

மூக்கம்மாளின் கை தானாக மூடிக்கொண்டது. நல்லெண்ணெய் பிசுபிசுத்த உள்ளங்கைக்குள் சாவி வழுக்கியது.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள், வாழ்க்கையில் முதன்முறையாக அச்சு அசல் கோயமுத்தூர்க்காரி மாதிரி. "உட்காருங்க. கொஞ்சம் களி தின்னுட்டுப் பேசலாம்."